மாரிமுத்து கூட்டத்துக்கு வராத காரணம்

எங்கள் பாடசாலையில் குடியியல் படிப்பிக்கும் இளம் ஆசிரியை போன மாதம் வீடு தேடி வந்தார். பதினோராந் தரப் பிள்ளைகளுக்குச் 'சமூக அசமத்துவம்' என்றொரு பாடம் நடத்த வேண்டுமாம். இந்தப் பள்ளிக்கூடத்தில் முப்பது வருடத்துக்கு மேல் நின்றவர் நீங்கள், கண்டதை எழுதித் தாருங்கள் என்று கேட்டார். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். அந்தச் சொல்லே எனக்குப் புதிது. தேத்தண்ணீரோடு வந்த என் மனைவி, "இவர் மணியடிச்சதைத் தவிர வேற என்னத்தைக் கண்டவர், பிள்ளை?" என்று சிரித்தா.

அந்தச் சொல்லின் கருத்தை ஆசிரியையே விளங்கப்படுத்தினார். ஒருவருக்குக் கிடைப்பது இன்னொருவருக்குக் கிடைக்காமல் போகும், ஆனால் எல்லோரும் அதை வழமை என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிடுவார்கள், அதுதானாம். அவர் போன பிறகு சுவாமி அறையில் விளக்கேற்றிவிட்டு யோசித்துப் பார்த்தேன். அப்படியென்றால் அதில் என் கையும் இருந்திருக்கிறது. பிள்ளையாரை நினைத்துக்கொண்டு, மறைக்காமல் எழுதுகிறேன்.

என் தகப்பனார் யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்தில் வயற்காணி கிடைத்துத் தர்மபுரம் பக்கம் வந்தவர். வாய்க்காலுக்கு மேற்புறம் எங்களைப் போன்ற திட்டக்காரர். வாய்க்காலுக்குக் கீழ்ப்புறம், கலவரங்களுக்குத் தப்பி மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களை விட்டு வந்த குடும்பங்கள். அவர்கள் எங்கள் வயல்களில் கூலிக்கு நின்றார்கள். ஒரே பாஷை, ஒரே சாமி, ஒரே குளத்துத் தண்ணீர். ஆனாலும் எங்கள் ஆட்கள் அவர்களைப் பற்றிக் கதைக்கும்போது ஒரு 'அதுகள்' வரும். நானும் அப்படிக் கதைத்தவன்தான்.

இருபத்தாறு வயதில் பள்ளிக்கூடத்தில் பியோன் வேலை கிடைத்தது. எனக்கு முந்தியிருந்தவர் ஒரு மாதத்தில் எல்லாம் பழக்கிவிட்டுப் போனார். மணி அடிப்பது, பெயர் கூப்பிடும் இடாப்புகளை வகுப்புக்கு வகுப்பு கொண்டுபோவது, வலயக் கல்வி அலுவலகத்துக்குக் கடிதம் சுமப்பது, ஆசிரியர்களுக்குத் தேத்தண்ணீர் ஊற்றுவது. பிறகு சண்டை வந்தது, இடம்பெயர்ந்தோம், திரும்பி வந்தோம், மறுபடி இடம்பெயர்ந்தோம். ஒவ்வொரு முறையும் பிள்ளைகளைச் சேர்த்த விவரம் பதியும் சேர்வு இடாப்பை யூரியாப் பையில் சுற்றிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனேன். கடைசியாக மீள்குடியேறி வந்தபோது கூரையில்லாத கட்டடமும், யன்னல் இல்லாத சுவரும், அந்த இடாப்பும்தான் மிஞ்சியிருந்தன. பிள்ளையார் கொண்டுவந்து சேர்த்தார்.

எனக்கு முந்தியவர் பழக்கிய வேலைகளில் ஒன்று, பெற்றோர் கூட்டத்துக்கு இருக்கை போடுவது. அதை நான் ஒரு கலை மாதிரிச் செய்வேன். அதிபர் அறையில் கைபிடி வைத்த கதிரை நாலு. அவை முன்வரிசைக்கு: கோயில் தர்மகர்த்தா, கமக்காரர் சங்கத் தலைவர், கிராம அலுவலரான விதானையார், வந்தால் வலயத்திலிருந்து ஒரு அதிகாரி. ஆசிரியர் அறைக் கதிரைகளும் கோயிலில் இரவல் வாங்கும் பிளாஸ்ரிக் கதிரைகளும் அடுத்த மூன்று வரிசைக்கு. அது மேற்புறத்து ஆட்களுக்கு. கதிரை முடிந்ததும் இரண்டாந் தரத்துப் பிள்ளைகளின் வாங்குகளை இழுத்துப் பின்னால் போடுவேன். அது கீழ்ப்புறத்து ஆட்களுக்கு. ஏழு வயதுப் பிள்ளைக்குச் செய்த வாங்கு. அதில் ஒரு வளர்ந்த மனிதர் இருந்தால் முழங்கால் காதுக்கு வரும். ஒருவரும் குறை சொன்னதில்லை. வந்தவர்கள் தாங்களே தங்கள் தங்கள் இடத்தில் போய் இருந்தார்கள். யாராவது தெரியாமல் இடம் மாறி இருந்தால் நான் போய் மெல்லமாகச் சொல்லி எழுப்புவேன்.

மீள்குடியேறி நாலு வருடம் ஆனபோது யசிந்தா ரீச்சர் அதிபராக வந்தா. முல்லைத்தீவுக் கரையோரத்துக் கத்தோலிக்க வேதக்கார அம்மா, கடற்றொழில் செய்யும் குடும்பம். எங்கள் ஊரில் சிலர் முகம் சுளித்தார்கள் என்பதும் உண்மை. அவா ஒருநாளும் சத்தம் போட்டுக் கேட்டதில்லை. ஒரு வேலையைச் 'செய்யுங்கோ' என்று சொல்லமாட்டா. "செய்வமோ, சிவபாதமண்ணை?" என்பா. வரும் கடிதத்தை இரண்டு தரம் வாசிப்பா, இரண்டாம் தரம் எனக்கும் கேட்கும்படி. பதிலைப் பென்சிலால் எழுதி, ஒரு இரவு வைத்து, மறுநாள் பேனையால் எழுதுவா. பென்சில் சீவிய தூளை ஒரு கடதாசியில் சேர்த்து மடித்துத் தானே கொண்டுபோய்க் கொட்டுவா. கூட்ட நேரமெல்லாம் நான் கதிரை போடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பா, ஒன்றும் சொல்லமாட்டா. எனக்கு அது பெருமையாக இருந்தது.

அவா வந்த அடுத்த வருடம்தான் நான் எழுத வந்த விஷயம் நடந்தது.

பதினோராந் தரப் பிள்ளைகள் சாதாரண தரப் பரீட்சை எழுத அடையாள அட்டை வேண்டும். விண்ணப்பம் அதிபர் மூலம்தான் போகும். விண்ணப்பத்தோடு பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் வைக்க வேண்டும். இருபத்தெட்டுப் பிள்ளைகளில் இருபத்தேழு பேருடையது சேர்ந்துவிட்டது. சந்திரமலருடையது மட்டும் இல்லை.

சந்திரமலர் கீழ்ப்புறத்து மாரிமுத்துவின் மகள். கணக்கில் வகுப்பில் முதலாவது. நான் சேர்வு இடாப்பை எடுத்து விரித்தேன். அவளுடைய பெயருக்கு எதிரே, 'பி.அ.ப. பின்னர் சமர்ப்பிக்கப்படும்' என்று பழைய அதிபரின் கையெழுத்தில் இருந்தது. இடம்பெயர்ந்த காலத்தில் பிறந்த பிள்ளை. பிறப்பே பதியப்படவில்லை. பத்திரம் இல்லாத பிள்ளைகளின் பெற்றோருக்கு என்ன செய்ய வேண்டும், எங்கே போக வேண்டும் என்று ஒவ்வொரு பெற்றோர் கூட்டத்திலும் சொல்லியே வந்திருக்கிறோம். மற்றக் குடும்பங்கள் கேட்டுச் செய்துவிட்டன. மாரிமுத்து மட்டும் மீள்குடியேறிய பிறகு நடந்த முதல் கூட்டத்தோடு சரி, வரவே இல்லை. கடிதம் அனுப்பினாலும் வரவில்லை.

நான் ரீச்சரிடம் சொன்னது இன்றைக்கும் எனக்கு வெட்கம். "அதுகளுக்குப் படிப்பில அக்கறை இல்லை ரீச்சர்" என்றேன்.

ரீச்சர் பென்சிலை வைத்துவிட்டு, "ஒருக்கா நேரில போய்க் கேட்பமோ?" என்றா.

அன்று பின்னேரம் சைக்கிளில் போனேன். மண் சுவர், தகரக் கூரை, ஆனால் முற்றம் கோயில் வாசல் மாதிரிக் கூட்டியிருந்தது. சந்திரமலர் மாட்டுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டு நின்றாள். வாய்த்துடுக்கான பிள்ளை. என்னைக் கண்டதும், "சிவபாதம் மாமா, அட்டை இல்லாட்டி நானும் உங்களோட வெளியில நிண்டு மணியடிக்கிறதோ?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ஆனால் மாடு குடித்து முடிக்குமுன்பே வாளியை எடுத்துவிட்டாள்.

மாரிமுத்து வயலால் வந்து கால் கழுவிக்கொண்டு நின்றார். நான் வந்த காரியத்தைச் சொன்னேன். பதிவாளரிடம் காலங்கடந்த பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும், தகப்பன் கையொப்பம் வேண்டும், நாளைக்கே பள்ளிக்கூடத்துக்கு வர வேண்டும் என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, இங்கேயே வைத்துக் கையொப்பம் வாங்கிக்கொண்டு போகலாமா என்று கேட்டார். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. பிள்ளையின் எதிர்காலத்துக்காக ஒருநாள் பள்ளிக்கூடப் படி ஏற முடியாதா, அப்படி என்ன பெரிய வேலை என்று கேட்டுவிட்டேன்.

அவர் கழுவிய காலையே மறுபடியும் கழுவினார். பிறகுதான் சொன்னார்.

"வந்தேங்கண்ணே. முதக் கூட்டத்துக்கு வேட்டி தோச்சுக் கட்டிக்கிட்டு வந்தேன். கதிரை காலியா இருந்துச்சு, உக்காந்தேன். நீங்கதான் வந்து தோள்ல தட்டி, 'மாரிமுத்து, எழும்பு, சங்கத் தலைவர் வாறார்'ன்னீங்க. பின்னால வாங்குல போயி உக்காந்தேன். அது ஒண்ணுமில்லீங்க. ஆனா எம்மக வரவேற்புப் பாட்டுப் பாடிக்கிட்டு முன்னால நின்னுச்சு. பாத்துக்கிட்டே பாடுச்சு. அதுக்கப்புறம் எப்பிடிங்க வர்றது?"

எனக்கு அப்படியொரு நாள் ஞாபகத்திலேயே இல்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அதுதான் எனக்கு எல்லாவற்றையும் விட உறைத்தது. அவர் அஞ்சு வருடமாகச் சுமந்துகொண்டு திரிந்ததை நான் அன்று வீட்டுக்குப் போகுமுன்னமே மறந்திருக்கிறேன்.

கோயிலில் பிழை விட்டால் தோப்புக்கரணம் போடுவோம், இங்கே என்ன போடுவது? கடைசியில், "மாரிமுத்தண்ணை, என்னில பிழை. நாளைக்கு வாங்கோ. நான் வாசல்ல நிப்பன்" என்றேன்.

"நீங்க எனக்கு மூப்புங்க, என்னைப் போயி அண்ணேங்கிறீங்க" என்றார் அவர். பின்னால் நின்ற சந்திரமலர், "பரவாயில்லை அப்பா, ஒரு நாளைக்குச் சொல்லட்டும்" என்றாள். மூவரும் சிரித்துவிட்டோம்.

மறுநாள் காலையில் ரீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஏசுவா என்று எதிர்பார்த்தேன். ஏசினால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அவா கேட்டது ஒன்றுதான்.

"உப்பிடிக் கதிரை போடச் சொல்லி ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை ரீச்சர்."

"எனக்கும் ஒருத்தரும் சொல்லாமத்தான் நடந்தது" என்றா. அவா சின்ன வயதில் படிக்கப் போன பள்ளிக்கூடத்தில் கடற்கரைப் பிள்ளைகளை எல்லாம் யன்னலோரம் இருத்துவார்களாம், மீன் மணக்குது என்று. "காத்து நல்லா வந்தது, அண்ணை. மற்றப் பிள்ளையள் நித்திரை தூங்க, நான் முழிச்சிருந்து படிச்சன்." சொல்லிவிட்டுத் தானே சிரித்தா. எனக்குச் சிரிப்பு வர ஒரு நிமிடம் சென்றது. பிறகு, "நான் வந்த நாளிலயிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தனான். முதலே கேட்டிருக்கவேணும். அதில என்ர பிழையும் இருக்கு" என்றா.

மாரிமுத்து வந்தார். நான் சொன்னபடி வாசலில் நின்றேன். ரீச்சர் அவரைத் தன் மேசைக்கு முன்னால் இருத்தி, பிள்ளை எங்கே பிறந்தது, யார் பார்த்தது என்று பென்சிலால் ஒவ்வொன்றாக எழுதினா. இடம்பெயர்ந்து தங்கியிருந்த ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் பிறந்ததாம். தாய் பின்னாளில் சண்டையில் செல்லடி பட்டுப் போய்விட்டா. கிளினிக் அட்டையும் அந்த ஓட்டத்தில் தொலைந்தது. பிள்ளையைப் பிடித்தது, அவர்களோடு இடம்பெயர்ந்து வந்திருந்த ஒரு ஓய்வு பெற்ற மருத்துவிச்சி. பெயர் திரேசம்மா, கடற்கரைப் பக்கத்து ஆள். அதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தெரியாது. அந்த அம்மா சத்தியக் கடதாசி தந்தால் பதிவாளர் ஏற்றுக்கொள்ளுவார்.

ரீச்சர் தன் கைத்தொலைபேசியை எடுத்துத் தங்கைக்குக் கதைத்தா, தங்கை மச்சாளுக்குக் கதைத்தா, மச்சாள் யாரோ ஒரு பங்குச் சுவாமியாரிடம் கேட்டா. இரண்டாம் மணி அடிக்க முதல் விலாசம் வந்துவிட்டது. கொக்கிளாயில் இருக்கிறா. கடற்கரையில் ஒரு செய்தி ஓடுகிற வேகம் தந்திக்கும் இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை நானும் மாரிமுத்துவும் சந்திரமலரும் முல்லைத்தீவுக்கு பஸ் ஏறி, அங்கே இன்னொரு பஸ்ஸுக்கு இரண்டு மணித்தியாலம் காத்திருந்து கொக்கிளாய் போய்ச் சேர்ந்தோம். கடற்கரைக் காற்றில் உப்பும் கருவாடும் மணத்தது. திரேசம்மா முற்றத்தில் கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தா. கன்னங்கரேலென்ற, பலமான மனுசி. மாரிமுத்து கதையைச் சொல்லத் தொடங்க, அவா கையை நீட்டி மறித்தா.

"தம்பி, நான் ஒரு ஊரையே பிடிச்சு எடுத்தனான். எல்லாரையும் ஞாபகம் வைக்கேலுமோ?"

மாரிமுத்துவின் முகம் செத்துப்போய்விட்டது. சந்திரமலர் என் பக்கம் பார்த்தாள். இவ்வளவு தூரம் வந்து வெறுங்கையோடு திரும்புவதா என்று நினைத்தேன். மனதுக்குள் பிள்ளையாரைக் கூப்பிட்டேன். பிறகு, இது வேதக்கார வளவு என்று நினைத்து, அவர்களுடைய மாதாவையும் ஒருதரம் கூப்பிட்டேன்.

மாரிமுத்து தயங்கித் தயங்கிச் சொன்னார். பிள்ளையைச் சுற்றத் துணி இல்லாமல் போனதாம். அவர் கட்டியிருந்த சாரத்தைக் கிழித்துக் கொடுத்தாராம்.

திரேசம்மா கருவாட்டைப் போட்டுவிட்டுச் சிரித்த சிரிப்பில் பக்கத்து வளவு நாய் குரைத்தது.

"அட, அந்த ஆளே நீ! மிச்சச் சாரம் முழங்காலுக்கு மேல நிக்க, வெளியில வரவும் மாட்டாமல் உள்ளுக்கு வரவும் மாட்டாமல் கதவுக்குப் பின்னால ஒளிச்சு நிண்டவன்! அந்தோனியார் திருநாளுக்கு முதல் நாள். நாங்கள் பாட்டுப் படிச்சுக்கொண்டு நிக்க உன்ர மனிசி கத்தினவா." பிறகு சந்திரமலரைக் கிட்டக் கூப்பிட்டு, இரண்டு கன்னத்தையும் பிடித்துப் பார்த்தா. "இந்த உலகத்தில உன்னை முதல் தொட்டது இந்தக் கைதான், தெரியுமோ?"

சந்திரமலர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தான் பிறந்தபோது தாயோடு கூட நின்ற ஒருவரை அவள் தேடிப் பிடித்துவிட்டாள் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. இருவரும் உள்ளே போய் நெடுநேரம் கதைத்தார்கள். நாங்கள் கூப்பிடவில்லை.

அந்த ஊர்ச் சமாதான நீதவான் முன்னிலையில் திரேசம்மா கையொப்பம் வைத்தா. எனக்கு வெள்ளிக்கிழமை விரதம். மீன் குழம்பு வேண்டாமென்றதும், தேங்காய்ச் சம்பலோடு சோறு போட்டுத் தந்தா. ஆனால் போகும்போது ஒரு பெரிய கருவாட்டுப் பொதியை என் கையில் திணித்து, இது மனிசிக்கு, நாளைக்குச் சமைக்கட்டும் என்றா. பஸ்ஸில் விபூதி பூசின ஆள் மடியில் கருவாட்டோடு இருப்பதைப் பார்த்து அப்பனும் மகளும் முல்லைத்தீவு வரும் மட்டும் சிரித்துக்கொண்டு வந்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்தது முழுக்கக் கடதாசி வேலை. விதானையாரின் கடிதம், சேர்வு இடாப்பின் பிரதி, திரேசம்மாவின் சத்தியக் கடதாசி எல்லாவற்றையும் ரீச்சர் ஒரு கோப்பில் அடுக்கி, மேலே பென்சிலால் இலக்கம் போட்டா. நான் பிரதேச செயலகத்துக்கு எத்தனை தரம் போனேன் என்று கணக்கில்லை. அங்கே வேலை செய்த பிள்ளைகள் என்னைக் கண்டால், "சந்திரமலரின்ர ஆள் வாறார்" என்பார்கள்.

இடையில் பெற்றோர் கூட்டமும் வந்தது. ரீச்சர் ஒரு மாற்றம் செய்தா: முதலில் வருபவர் முதற் கதிரை, அவ்வளவுதான். சங்கத் தலைவர் வழமைபோலப் பிந்தி வந்தார். மிஞ்சிக் கிடந்தது இரண்டாந் தரத்து வாங்கு. அதில் இருந்து, முழங்கால் காதுக்கு வர, கூட்டம் முடியும்வரை என்னை முறைத்துக்கொண்டிருந்தார். இரண்டு கிழமை என்னோடு கதைக்கவில்லை. ஆனால் அடுத்த கூட்டத்துக்கு அரை மணித்தியாலம் முந்தி வந்து நின்றார். அவர் பள்ளிக்கூடத்துக்கு நேரத்துக்கு வந்தது அதுதான் முதல் தடவை என்று ரீச்சர் மெல்லச் சொன்னா.

பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் ஐப்பசியில் வந்தது. அட்டை வர நேரம் காணாது. ஆட்பதிவுத் திணைக்களம் படம் ஒட்டி முத்திரை வைத்த கடிதம் தந்தால் அதைக் காட்டிப் பரீட்சை எழுதலாம். அந்தக் கடிதம் இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று போய்க்கொண்டே இருந்தது. பரீட்சைக்கு நாலு நாள் இருக்கக் கிளிநொச்சியிலிருந்து தகவல் வந்தது. கொட்டும் மழையில் போய், பொலித்தீன் பையில் சுற்றிச் சேட்டுக்குள் வைத்துக் கொண்டுவந்தேன். மனைவி என்னைத் துவட்டியபடி, எங்கள் பிள்ளைகளின் பரீட்சைக்கும் நீங்கள் இப்படி நனையவில்லை என்று குத்திக் காட்டினா. உண்மைதான்.

பரீட்சையன்று காலையிலும் மழை. மண்டபப் பொறுப்பதிகாரி வெளியூர்க்காரர். கண்டிப்பானவர் என்று முதலே கேள்விப்பட்டிருந்தோம். பிள்ளைகள் வரிசையில் போய் ஒவ்வொருவராக அட்டையைக் காட்டினார்கள். சந்திரமலரின் முறை வந்தபோது அவள் கடிதத்தை நீட்டினாள். அவர் அதைப் பிடித்து வாசித்தார். படத்தைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், மறுபடி முத்திரையைப் பார்த்தார். ரீச்சர் தூரத்தில் தன் கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டு நின்றா. நான் மணியடிக்கும் இரும்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேலிக்கு அப்பால், யூரியாப் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மாரிமுத்து நின்றார்.

பொறுப்பதிகாரி மழைச் சத்தத்துக்கு மேலால் உரத்து வாசித்தார்.

"மாரிமுத்து சந்திரமலர்."

"ஓம் சேர்."

"உள்ள போங்கோ, பிள்ளை. இடம் பார்த்து இருங்கோ."

நான் மணியை அடித்தேன். அன்று கொஞ்சம் கூடுதலாகவே அடித்திருப்பேன். ஒரு ஆசிரியர் எட்டிப் பார்த்தார்.

பிறகு வேலியடிக்குப் போனேன். மாரிமுத்து என்னைக் கண்டதும், "கேட்டீங்களாண்ணே? எம்பேரையும் சேத்துக் கூப்பிட்டாரு" என்றார். கேட்டது என்றேன். பிள்ளை வெளியே வர மத்தியானம் ஆகும், வீட்டுக்குப் போய் நனையாமல் இருங்கள் என்றும் சொன்னேன். அவர் காதில் அது விழவில்லை. பையைத் தலையிலிருந்து எடுத்துவிட்டு, மழைக்குள் மண்டபத்தைப் பார்த்தபடி, அந்தப் பொறுப்பதிகாரி மாதிரியே உரத்து, தானும் ஒருதரம் சொல்லிப் பார்த்தார்.

"மாரிமுத்து சந்திரமலர்."